பொய்ப்புழுவில் மீன் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஃபிளை ராடும் (கயிற்றின் கனத்தாலேயே வீசும் மெல்லிய தூண்டில் கோல்) பொய்ப்புழுவும் (தூண்டில் முள்ளில் கட்டிய செயற்கைப் புழு) வைத்து நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆற்றிலும் சானலிலும், அதாவது பாசனக் கால்வாயிலும், மீன் பிடிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் ஒரே நாலைந்து கோளாறுகளைத்தான் திரும்பத் திரும்ப என்னிடம் கொண்டுவருகிறார்கள். "அண்ணே, கடிக்கவே மாட்டேங்குது." "கடிக்குது, மாட்டல." "மாட்டுது, அறுத்துட்டுப் போயிருது." நான் தொடங்கிய முதல் வருஷம் எனக்கும் இவை மூன்றும் இருந்தன. ஆளுக்கு ஆள் போனில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில் இருக்கும். மேலே உள்ளதைச் சோதித்து முடிக்காமல் கீழே இறங்காதீர்கள். புது லைன் வாங்கப் போகிறேன் என்று வந்த பலருக்குத் தேவைப்பட்டது இரண்டு சாண் தூண்டில் நரம்புதான்.

சொற்களை மட்டும் பேசி வைத்துக்கொள்வோம். ரீலிலிருந்து வரும் தடித்த வண்ணக் கயிறு லைன். அதன் முனையில் போகப் போக மெலியும் ஒன்பது அடி நரம்பு லீடர். லீடரின் நுனியில் சேர்த்துக் கட்டும் மெல்லிய துண்டு டிப்பெட். மீன் தொட்டதைக் காட்டும் மிதவையை நம் வழக்கப்படி தக்கை என்றே சொல்கிறேன்.

பொய்ப்புழுவில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. செனில் என்னும் பஞ்சுபோன்ற தடித்த நூலை முள்ளில் கட்டிச் செய்வது சான் ஹுவான் புழு. ரப்பர்போல இழுபடும் பொருளில் செய்வது ஸ்குவர்மி. முதலாவதின் பெயர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நவாஜோ அணைக்குக் கீழே ஓடும் சான் ஹுவான் ஆற்றிலிருந்து வந்தது. அங்கே குளிர்ந்த, தெளிந்த தண்ணீர். மீன் டிரவுட். பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் யோசனைகளும் காணொளிகளும் பெரும்பாலும் அந்தத் தண்ணீருக்குச் சொன்னவை. நமக்கு வெதுவெதுப்பான தண்ணீர். கெண்டை, ரோகு, மிருகால், சிலேபி, கெளுத்தி. புழு ஒன்றுதான், பழக்கம் வேறு.

தக்கை அசையவே இல்லை

*ஆழம்*

பாதிக்கு மேல் கோளாறு இதுதான் என்பது என் அனுபவம். புழு என்பது தரையில் கிடக்கிற, தரையை ஒட்டி உருண்டு போகிற தீனி. அது நடுத்தண்ணீரில் தொங்கிக்கொண்டு போனால், கீழே மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் மிருகாலுக்கு அது கண்ணிலேயே படாது.

சோதனை: முள்ளில் ஒரு கனமான ஈயக்குண்டைக் கவ்வவிட்டு, நீங்கள் வீசப்போகும் இடத்தில் இறக்குங்கள். நரம்பு தொய்ந்ததும் நீர்மட்டத்தில் விரலால் பிடித்து அளந்துகொள்ளுங்கள். ஓடாத தண்ணீரில் தக்கைக்கும் புழுவுக்கும் இடையே அந்த ஆழம் போதும். புழு தரையில் உட்கார்ந்தாலும் குற்றமில்லை. ஓடுகிற தண்ணீரில் அந்த ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு வையுங்கள், ஏனென்றால் ஓட்டம் நரம்பைச் சாய்த்துக்கொண்டு போகும். நாலடி ஆழம் என்றால் ஆறடி.

சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்: ஐந்தாறு தடவை விட்டால் ஒரு தடவையாவது தக்கை லேசாகத் தட்டுத்தடுமாற வேண்டும். அது புழு தரையில் இடறுவது. ஒரு தடவைகூட இடறவில்லையா, புழுவை ஒரு சாண் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் இடறினால் நாலு விரல் ஏற்றுங்கள்.

போன ஐப்பசியில் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே பரளியாற்றில் ஒரு தம்பி காலை முழுக்க நின்று வெறுங்கையாக இருந்தான். "இதுல மீனே இல்லியாண்ணே?" என்றான். ராடை வாங்கிப் பார்த்தேன். தக்கையிலிருந்து புழு வரை இரண்டரை அடி இருந்தது. தண்ணீர் அவன் இடுப்புக்கு மேல். தக்கையை ஐந்தடிக்கு மேலே நகர்த்திக் கொடுத்துவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது தடவை தக்கை ஒருமுறை இடறியது; நாலாவது தடவை இடறிய இடத்திலேயே நின்றது, அப்புறம் முங்கியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கெண்டை. அந்தப் பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

*கனம்*

ஆழம் சரி, ஆனாலும் தரை தட்டவில்லை என்றால் புழுவுக்கு இறங்க நேரம் கிடைக்கவில்லை. செனில் தண்ணீரை உறிஞ்சும்வரை மிதக்கப் பார்க்கும். முதல் வீச்சுக்கு முன்பே தண்ணீரில் முக்கி, விரலால் பிழிந்து, மறுபடி முக்குங்கள். அப்புறம் புழுவுக்கு ஒரு சாண் மேலே ஒரு சின்ன ஈயக்குண்டு. அதுவும் போதாவிட்டால் டங்ஸ்டன் மணி கோத்த புழு. டங்ஸ்டன் விலை கூடுதல். ஆகவே அது கடைசி.

*தக்கை ஓட்டத்தோடு போகவில்லை*

தக்கைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு ரப்பர் இலையைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். இலையும் தக்கையும் சேர்ந்தே போக வேண்டும். தக்கை இலையை முந்தினால், நடு ஆற்றின் வேகமான ஓட்டம் லைனின் வயிற்றை இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். புழு கயிறு கட்டிய கன்றுக்குட்டிபோல இழுபடும். எந்த மீனும் நம்பாது. லைன் தண்ணீரில் விழுந்த உடனே ராடின் நுனியால் லைனை மட்டும் ஓட்டம் வரும் பக்கமாகத் தூக்கிப் போடுங்கள். தக்கை நகரக் கூடாது. இதை வீட்டு முற்றத்தில் பழக முடியாது, ஆற்றில்தான் வரும். ஒரு காலை நேரம் முழுக்க மீனை மறந்து இதை மட்டும் பழகுங்கள்.

*நிறமும் அளவும்*

புழுவைத் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். ஒரு சாண் ஆழத்துக்குள் கண்ணுக்கு மறைந்துபோனால் கலங்கல். சிவப்பு அல்லது அடர்த்தியான ரோஸ் நிறம், எட்டாம் நம்பர் அல்லது பத்தாம் நம்பர் முள். முழங்கை ஆழத்திலும் தெரிந்தால் தெளிவு. மண் நிறம், தவிட்டு நிறம், பன்னிரண்டாம் அல்லது பதினாலாம் நம்பர். முள்ளில் எண் கூடினால் அளவு குறையும் என்பதை மறக்க வேண்டாம், கடையில் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

*இடமும் நேரமும்*

நல்ல மழை பெய்து தண்ணீர் வடியத் தொடங்கும் முதல் இரண்டு நாள்தான் பொய்ப்புழுவுக்குப் பொன்னான நேரம். வயலிலிருந்தும் ரப்பர் தோட்டத்திலிருந்தும் நிஜப் புழு அடித்துக்கொண்டு வரும். மீன் அதைத் தேடிக் கரையோரம் வரும். நமக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு, ஆகவே இந்த நேரம் வருஷத்தில் இரண்டு தடவை வருகிறது. மடை திறந்து வயல்தண்ணீர் ஆற்றில் விழும் வாய், ஓடை சேரும் முனை, கலங்கலும் தெளிவும் கோடு போட்டதுபோலச் சந்திக்கும் இடம், இவற்றில் தெளிந்த பக்கத்து ஓரத்தில் விடுங்கள். கன்னிப்பூ நெல் சாகுபடிக்குச் சானலில் தண்ணீர் திறக்கும் முதல் சில நாளும் அப்படியே. சித்திரை மத்தியானத்தில், தெளிந்த தண்ணீரில், வெயில் படும் மணல் பரப்பில் விட்டுவிட்டு மீன் இல்லை என்று சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் பாலத்து நிழலும் ஆழமான கயமும்தான்.

*இங்கே வீசவே கூடாது*

சுசீந்திரம் – தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022 முதல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) இருப்பவை, பறவைகளின் இடம். அறுந்து கிடக்கும் ஒரு முழம் நரம்பு நாரையின் காலில் சுற்றினால் அது சாவதற்குப் போதும். அங்கே ராடை எடுக்காதீர்கள். ஊர்க்குளங்கள் பலவும் மீன் குத்தகைக்கு விட்டவை. குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அணைகளில் அனுமதி யாரிடம் என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே காட்டு ஓடைகள் வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் மூன்று நாள் ஒரே இடத்தில் கடி இல்லையென்றால், அந்தக் கரையில் வலை வீசும் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். நம்மைவிட அவருக்குத் தெரியும்.

தக்கை முங்குகிறது, தூக்கினால் ஒன்றும் இல்லை

தக்கை எப்படி அசைகிறது என்று பார்த்துப் பிரியுங்கள்.

*படபடவென்று நடுங்கினால்*

சின்னக் கெண்டைகள் வாலைப் பிடித்து இழுக்கின்றன. புழுவின் வால் நீளமாக இருக்கிறது. கடையில் வாங்கும் ஸ்குவர்மி பெரும்பாலும் மூன்று அங்குலம் வரை தொங்கும். மீன் நுனியைக் கவ்வும், முள் இருக்கும் இடம் வாய்க்கே போகாது. கத்திரியால் இரு பக்கமும் வெட்டுங்கள். முள்ளைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் சுண்டுவிரல் நகத்தின் நீளம் போதும். ஆட்டம் கொஞ்சம் குறையும், மாட்டுவது கூடும்.

*ஒரேயடியாக முங்கி உடனே எழும்பினால்*

மீன் வாயில் எடுத்துத் துப்பிவிட்டது. நீங்கள் தாமதம், அல்லது தக்கைக்கும் உங்களுக்கும் இடையே லைன் தொய்ந்து கிடக்கிறது. நிஜப் புழுவைக் கட்டிப் பழகியவர்கள் "நல்லா விழுங்கட்டும்" என்று காத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. பொய்ப்புழுவில் ருசி இல்லை, மீன் ஒரு நொடி வைத்திருந்தாலே அதிகம். தக்கை சந்தேகப்படும்படி எது செய்தாலும் தூக்குங்கள். தூக்குவது என்றால் வெடுக்கென்று வானத்துக்கு இழுப்பதில்லை. ராடை ஓட்டம் போகும் பக்கமாக ஒரு முழம் சாய்த்து இறுக்கினால் போதும். அப்போது முள் மீனின் கடைவாயில் போய் ஏறும். உடனே தூக்குவதால் முள் உதட்டிலேயே நிற்கும், தொண்டைக்குள் போகாது. சின்ன மீனை உயிரோடு திரும்ப விடலாம். நான் நிஜப் புழுவை விட்டு இதற்கு வந்ததே இதற்காகத்தான்.

*மெதுவாக, விடாமல் இழுத்தால்*

நண்டு அல்லது ஆமை. புழு ஒரே வெட்டாக வெட்டுப்பட்டு வந்தால் நண்டு. பத்தடி தள்ளி நில்லுங்கள்.

*எல்லாம் சரி, இன்னும் மாட்டவில்லை*

முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் சாய்வாக வைத்து லேசாக இழுங்கள். நகத்தில் குத்தி நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது. ஆற்றுக் கல்லில் இரண்டு தடவை தட்டினாலே மழுங்கும். சின்ன அரத்தால் நுனியை நோக்கி மூன்று தேய்ப்பு. அதற்கும் வராவிட்டால் முள்ளை மாற்றுங்கள். கூடவே, முள்ளின் வளைவுக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள வாய் செனிலால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தடித்த செனிலைச் சின்ன முள்ளில் கட்டினால் குத்துவதற்கு இடமே இருக்காது. அப்படிப்பட்டதைச் சரிசெய்ய முடியாது, பிரித்துவிட்டு மெல்லிய செனிலில் கட்டுங்கள்.

மாட்டிய மீன் அறுத்துக்கொண்டு போகிறது

இங்கே ஒரு வேண்டுகோள். அறுந்த ஆத்திரத்தில் நரம்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் புழு கட்டாதீர்கள். முதலில் அறுந்த நுனியைப் பாருங்கள். கண்ணுக்கு நெருக்கமாக, வானத்தின் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, விரல் நகத்தால் நுனிவரை ஒருமுறை உருவுங்கள். என்ன நடந்தது என்று அந்த அரை அங்குலம் சொல்லிவிடும்.

*நுனி பன்றிவால்போலச் சுருண்டிருந்தால்*

முடிச்சு நழுவியிருக்கிறது. நரம்பில் குறை இல்லை. முள்ளின் கண்ணில் நரம்பை நுழைத்து, தன் மேலேயே ஐந்து சுற்று சுற்றி, கண்ணை ஒட்டியுள்ள சின்ன வளையத்தில் நுனியை நுழைத்து, அப்படி உண்டாகும் பெரிய வளையத்திலும் ஒருமுறை நுழைத்தால் முடிச்சு நழுவாது. இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசிச் சூடாகும், அந்தச் சூட்டிலேயே நரம்பு பலம் இழக்கும். மெதுவாக, ஒரே சீராக இழுத்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நுனியை ஒட்ட வெட்டாமல் ஒரு நெல்லின் பாதியளவு விடுங்கள்.

*நுனி நேராக, சுத்தமாக அறுந்திருந்தால்*

மீதமுள்ள டிப்பெட்டை இரண்டு விரலுக்கு இடையே வைத்து முழுக்க உருவுங்கள். மணல்போலச் சின்ன முடிச்சு ஏதாவது தட்டுப்படுகிறதா? வீசும்போது காற்றில் தானாக விழுந்த முடிச்சு அது. அது விழுந்த இடத்தில் நரம்பின் பலம் ஏறக்குறைய பாதிதான். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும். டிப்பெட்டையே மாற்றுங்கள். முடிச்சு எதுவும் இல்லாவிட்டால், உங்கள் நரம்பு மீனுக்குப் போதவில்லை. டிப்பெட் பாக்கெட்டில் எக்ஸ் எண் இருக்கும். எண் கூடக் கூட நரம்பு மெலியும். 5 எக்ஸ் 0.15 மில்லிமீட்டர், 4 எக்ஸ் 0.18, 3 எக்ஸ் 0.20. காணொளி பார்த்து 5 எக்ஸ் வாங்கியவர்கள் நம் சானல் கலங்கலில் 3 எக்ஸுக்குத் தைரியமாக மாறலாம், மீன் கண்டுபிடிக்காது. தெளிந்த தண்ணீரில் 4 எக்ஸ்.

*நுனி சொரசொரப்பாக, வெளுத்து இருந்தால்*

கல்லில் உரசியது, அல்லது பல்லுள்ள மீன். விரால் எப்போதாவது பொய்ப்புழுவை எடுப்பது உண்டு. திற்பரப்பு மாதிரிப் பாறை நிறைந்த ஓட்டத்தில் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாணை உருவிப் பாருங்கள், சொரசொரத்தால் வெட்டிக் கட்டுங்கள். சோம்பல் படாதீர்கள். நல்ல மீன் எனக்குப் போனதெல்லாம் "இன்னும் ஒரு வீச்சு, அப்புறம் கட்டிக்கலாம்" என்று நினைத்த வேளையில்தான்.

*கையால் இழுத்தாலே பொட்டென்று அறுந்தால்*

பழைய நைலான். வெயில் பட்டால் நைலான் கெடும். ஸ்கூட்டர் பெட்டியிலும் கார் கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு கோடைக்காலம் கிடந்த சுருளை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆற்றங்கரையில் போடக் கூடாது. துண்டு துண்டாக வெட்டி வீட்டுக் குப்பையில்.

*புழு திரும்ப வந்தது, மீன் மட்டும் இல்லை*

முள்ளைப் பாருங்கள். வளைவு விரிந்திருந்தால் முள் மெல்லியது, அல்லது நீங்கள் ராடை மடக்காமல் நேராகப் பிடித்து இழுத்தீர்கள். முள் அப்படியே இருந்தால் நடுவில் நரம்பு தொய்ந்திருக்கிறது. மீன் துள்ளும்போதும் உங்களை நோக்கி ஓடிவரும்போதும் லைனை இடது கையால் இழுத்துக்கொண்டே இருங்கள். கெட்டியான மீன் ஓடும்போது ரீல் இழுத்து இழுத்து விடுகிறதா, சீராகச் சுற்றவில்லையா? வீட்டில் திறந்து மணலைத் துடையுங்கள். துடைத்தும் சிக்கினால் உள்ளே தட்டு தேய்ந்திருக்கும். அது மெக்கானிக் வேலை.

ஒவ்வொரு தடவையும் அடியில் மாட்டிக்கொள்கிறது

தக்கையை நாலு விரல் கீழே இறக்கிப் புழுவை ஏற்றுங்கள். ஈயக்குண்டைக் குறையுங்கள். அதற்கும் மாட்டினால் தென்னை மட்டையோ முள்செடியோ அடியில் கிடக்கிறது, இடம் மாறுங்கள். பாசி மட்டும் வருகிறது என்றால் பாசிப் பரப்பின் விளிம்பில் விடுங்கள். மாட்டியதை எடுக்க ராடை வளைத்து இழுக்காதீர்கள், ராடு அங்கேதான் முறியும். ராடைக் கிடையாக நேர்கோட்டில் பிடித்து, லைனைக் கையில் துணி சுற்றிப் பின்னால் நடங்கள்.

வீசும்போதே சிக்கிப் பந்தாகிவிடுகிறது

*டிப்பெட் முறுக்கிக்கொள்கிறது*

புழு நீளம் கூடினால் காற்றில் விசிறிபோலச் சுற்றும். மறுபடியும் கத்திரி. ஏற்கெனவே முறுகிய லீடரை, புழுவை வெட்டி எடுத்துவிட்டு ஓடும் தண்ணீரில் சும்மா இழுபடவிட்டால் தானாக அவிழும்.

*முன்வீச்சில் மடங்கிச் சிக்குகிறது*

தக்கை, ஈயம், மணி என்று நுனியில் கனம் ஏறிவிட்டது, வேகம் கூட்டுகிறீர்கள். பின்வீச்சு முழுக்க நீளும்வரை "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணி, அப்புறம் முன்னால் கொண்டுவாருங்கள். வேகத்தைப் பாதியாக்குங்கள். இதற்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டாம்.

*காற்று*

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் எதையும் வீச விடாது. முப்பந்தலில் காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பது சும்மா அல்ல. வீசும் கையின் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் முள் உங்கள் காதுக்கு வரும். எதிர்க்கரைக்கு மாறுங்கள், முடியாவிட்டால் அந்த மாதங்களில் மேற்கே குலசேகரம், திருவட்டார்ப் பக்கம் மரங்களின் மறைவில் நில்லுங்கள். கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம்.

*பின்னால் தென்னையும் வாழையும்*

பின்வீச்சே வேண்டாம். லைனைத் தண்ணீரில் கிடக்கவிட்டு, ராடை மெதுவாகத் தோள்வரை கொண்டுவந்து, ஒரு நொடி நிறுத்தி, முன்னால் உருட்டிவிடுங்கள். சானல்கரையில் பின்னால் ரோடு என்றால் இது ஒன்றுதான் வழி. பைக்கில் வருகிறவர் முகத்தில் முள் படக் கூடாது.

புழு பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகிறது

ஸ்குவர்மி பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வெயில்தான் காரணம். சில வகைப் பிளாஸ்டிக்கோடும் ஃபோமோடும் சேர்ந்தாலும் உருகும். இப்படி ஒரு பெட்டி முழுக்க ஒரே சிவப்புக் களிம்பாகப் போனது எனக்கு. இப்போது சின்ன ஜிப் பையில் தனித்தனியாக, துளி டால்கம் பவுடர் தூவி வைக்கிறேன். கொசு விரட்டும் களிம்பு தடவிய கையால் தொடாதீர்கள். கட்டும்போது நூலை ரொம்ப இறுக்கினால் அந்த ரப்பரை நூலே அறுத்துவிடும். தட்டையான நூலால் மெத்தென்று சுற்றுங்கள், கரைப்பான் கலந்த வார்னிஷ் தொடவே கூடாது.

செனில் நுனி பிரிந்து பஞ்சானால் லைட்டரின் நெருப்புக்குப் பக்கத்தில், நெருப்பில் படாமல், ஒரு கணம் காட்டுங்கள். நுனி உருகிக் கூராகும், நிஜப் புழுவின் வால்போலவே ஆகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

மிதக்க வேண்டிய லைன் முங்குகிறது

அழுக்கு. வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் மென்மையான சோப்பு இரண்டு சொட்டு விட்டு, லைனை ஊறவைத்து, பழைய பனியன் துணியால் இரண்டு தடவை உருவுங்கள். துணி கறுப்பாகும். பாசித் தண்ணீரில் விட்டால் மாதம் ஒருமுறை செய்யுங்கள். மணக்குடிப் பக்கம் உப்புத்தண்ணீர் கலந்த இடத்தில் விட்டிருந்தால் அன்றைக்கே லைன், ரீல் இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். கழுவியும் முனை முங்கினால் முனையை வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் வெடிப்பு தெரிந்தால் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. முனையில் அரையடிக்குள் என்றால் அதை வெட்டிவிட்டு லீடரை மறுபடி சேர்க்கலாம். உடம்பு முழுக்க வெடிப்பென்றால் புது லைன்தான், வேறு வழியில்லை.

ராடு

இரண்டு துண்டும் கழலவில்லையென்றால் குறடு போடாதீர்கள், முறுக்கவும் வேண்டாம். சேரும் இடத்தில் பத்து நிமிஷம் ஐஸ் வைத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு கையும் இணைப்பின் இரு புறமும் இருக்கும்படி பிடித்து நேராக இழுங்கள்.

லைன் ஒரே இடத்தில் கீறலாக வந்தால் வளையங்களுக்குள் காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு சிக்கும் வளையத்தில் வெட்டு விழுந்திருக்கிறது. நுனி வளையம் என்றால் சூடுகாட்டி நாமே மாற்றலாம். நடு வளையமும், ராடின் உடம்பில் விரிசலும், வளைக்கும்போது "டிக்" என்ற சத்தமும் ராடு பழுது பார்க்கிறவரிடம் போக வேண்டியவை. பசை வைத்து ஒட்டிய ராடு முறியும்போது சில்லு கண்ணில் பாயும்.

உடனே நிறுத்த வேண்டிய இரண்டு

*தண்ணீர் ஏறுகிறது*

நின்றுகொண்டிருக்கும் பாறையில் ஈரக்கோடு உயர்ந்தாலோ, தெளிந்த தண்ணீரில் திடீரென்று சருகும் நுரையும் வந்தாலோ, மேலே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளில் ஏதோ ஒன்றில் திறந்திருக்கிறார்கள், அல்லது மலையில் மழை. தக்கை முங்கியிருந்தாலும் விட்டுவிட்டுக் கரையேறுங்கள். மழைக்காலத்தில் வீட்டிலிருந்து புறப்படும்போதே அணை உபரிநீர் பற்றிய எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

*முள் உடம்பில் ஏறிவிட்டது*

முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனையை, வாங்கிய அன்றே குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். அப்படிச் செய்திருந்தால் போன வழியே பின்னால் தள்ளி எடுத்துவிடலாம், மீனுக்கும் அதே சௌகரியம். அமுக்காத முள் ஆழமாகப் போயிருந்தால் நரம்பை வெட்டிவிட்டு, முள்ளை அசையாமல் துணியால் சுற்றி, மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ என்றால் தொடவே கூடாது. மேலே படாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேராகக் கண் மருத்துவரிடம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று சொல்லுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், புண்ணோடு ஆற்றுத்தண்ணீரில் நின்றேன் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள், எலிக்காய்ச்சலுக்குச் சோதித்துப் பார்ப்பார்.